வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்: ஷெஃபீல்டிலிருந்து ஒருநாள் பயணங்கள்

கேள்வி இது: "செப்டம்பர் கடைசியில் ஷெஃபீல்டுக்கு ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க வருகிறேன். படிப்பு, பகுதிநேர வேலை போக வாரக் கடைசியில் ஒருநாள்தான் கிடைக்கும். காலையில் கிளம்பி இரவுக்குள் அறைக்குத் திரும்பும்படி எங்கெல்லாம் போகலாம்? எவ்வளவு செலவாகும்? தனியாகப் போகலாமா?"

நானும் இதே ஊரில் ஓராண்டுப் படிப்பு படிக்க வந்து, அப்படியே இங்கே தங்கிவிட்டவன். வருடா வருடம் புதிதாக வரும் நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன். செப்டம்பரில் கேட்டால், "முதலில் செட்டில் ஆகிக்கொள்கிறோம், டிசம்பர் லீவில் சுற்றலாம்" என்பார்கள். டிசம்பரில் கேட்டால் குளிர், ஜனவரியில் பரீட்சை, அப்புறம் வேலை தேடல், அப்புறம் டிசர்ட்டேஷன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் லண்டன் ஒருமுறை, எடின்பரோ ஒருமுறை, அவ்வளவுதான். காசு இல்லாமல் போகாதவர்களை விட நாளைக் கணக்குப் போடாமல் போகாதவர்கள்தான் அதிகம்.

அதனால் செலவுக்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து இறங்கும் செப்டம்பர் கடைசியில் காலை ஏழுக்கு விடிந்து மாலை ஏழுக்கு இருட்டும், நம் ஊர் மாதிரியே. அதற்குப் பிறகு வாரம் ஒன்றுக்கு அரைமணி நேரம்போலப் பகல் குறைந்துகொண்டே வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு மாலை நாலரை மணிக்கே விளக்கு போடவேண்டி வரும். டிசம்பர் நடுவில் ஷெஃபீல்டில் எட்டேகாலுக்கு விடிந்து மூன்றே முக்காலுக்குப் பொழுது சாய்ந்துவிடும். அதே ஜூன் மாதத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். இதை மனசில் வைத்துக்கொண்டால் எந்த மாதம் எங்கே போவது என்பது தானாகவே தெரிந்துவிடும். அக்டோபரில் மலை, குளிர்காலத்தில் கூரைக்குள் பார்க்கிற ஊர்கள், ஏப்ரலுக்கு மேல் தூரத்து ஊர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் டிசம்பர் முதல் சனிக்கிழமை. வீட்டில் கூட இருந்த மதுரைக்காரனும் நானும் சாவகாசமாக எழுந்து, சாம்பார் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இருக்கும் ஈடேல் என்ற கிராமத்துக்கு ரயிலில் போய் இறங்கும்போது பன்னிரண்டரை மணி. மலை ஏறி உச்சிக்குப் போனபோது மூன்று. படம் எடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மூடுபனி இறங்கியது, கூடவே இருட்டும். "மாப்ள, வந்த வழி எதுடா?" என்றான். எனக்கும் தெரியவில்லை. குளிரில் ஃபோன் பேட்டரி நாற்பது சதவீதத்திலிருந்து பட்டென்று அணைந்துபோனது. அவன் ஃபோன் டார்ச்சை வைத்துக்கொண்டு மறுபக்கத்து ஊரான காசில்டன் பக்கமாக இறங்கி, பஸ்ஸைத் தவறவிட்டு, ஹோப் ரயில் நிலையம்வரை நாலு கிலோமீட்டர் சாலையோரமாக நடந்தோம். ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த ஐம்பது நிமிடக் குளிரை இன்னும் மறக்கவில்லை.

அதே ஈடேல்தான் நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் என்று சொல்வேன். ஆனால் அக்டோபர் முதல் வாரத்துக்குள், காலை வண்டியில். ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டருக்குப் போகும் ஹோப் வேலி தடத்தில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஏறினால் அரைமணி நேரம் சொச்சம்தான். ஊரைவிட்டு வெளியே வந்ததும் டாட்லி சுரங்கம். 1893இல் திறந்தது, மூன்றரை மைல் நீளம். ஒருபக்கம் வீடும் கூரையுமாக இருந்தது, இருட்டில் சில நிமிடங்கள் ஓடி, மறுபக்கம் வெளியே வந்தால் ஆடும் புல்லும் கல்மதிலும்தான். ஒரு நகரம் இவ்வளவு சட்டென்று முடிந்துபோவதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இது பீக் டிஸ்ட்ரிக்ட். 1951இல் அறிவித்த, பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. நம் ஊரில் தேசியப் பூங்கா என்றால் காடு, வேலி, செக்போஸ்ட், டிக்கெட். இங்கே ஊர்களும் வயல்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. எதிரே தெரியும் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் ஒருகாலத்தில் பிரபுக்கள் பறவை வேட்டைக்கு வைத்திருந்த தனிச்சொத்து. 1932 ஏப்ரல் 24 அன்று மில் தொழிலாளர்களும் இளைஞர்களுமாகச் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்ற இருபது வயதுப் பையன் முன்னால் நிற்க, "நடக்கத்தானே கேட்கிறோம்" என்று அத்துமீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு, ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்ததற்கு அந்த நடையும் ஒரு காரணம். நீங்கள் அங்கே காலாற நடக்கும்போது யாரும் தடுக்காததற்குப் பின்னால் அந்த ஐந்து பேர் இருக்கிறார்கள்.

வழி எளிது. ஈடேல் நிலையத்தில் இறங்கி ஹாலின்ஸ் கிராஸ் என்னும் கணவாய்க்கு ஏறுங்கள். அங்கிருந்து வலதுபக்கம் முகட்டோடு போனால் மாம் டோர், 517 மீட்டர். முகட்டுப் பாதையில் கல் பாவியிருக்கிறது, சறுக்காது. உச்சியைச் சுற்றி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கோட்டையின் மண்கரை தெரியும். அதற்கும் மேலாக நான் எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டுவது கீழே இருக்கும் பழைய சாலையைத்தான். மாம் டோரின் ஒருபக்கம் மண் கழன்று சரிந்துகொண்டே இருக்கிறது, அதனால் "நடுங்கும் மலை" என்றே பெயர். அதன் மடியில் ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். மலை நகர நகரச் சாலை பிளக்கும், மேலே மறுபடி தார் போடுவார்கள், மறுபடி பிளக்கும். 1979இல் போதும் என்று மூடிவிட்டார்கள். இப்போது அந்தச் சாலை ஆளுயரத்துக்கு உடைந்து, நடுவில் வெள்ளைக் கோடு அப்படியே இருக்க, ஒருபாதி மேலும் ஒருபாதி கீழுமாகக் கிடக்கிறது. உடைந்த விளிம்பில் கையை வைத்துப் பார்த்தால் தார் மேல் தார் மேல் தார், பரோட்டா அடுக்கு மாதிரி. பொறியியல் படிக்க வருகிறீர்கள் என்றால் ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது. அப்படியே காசில்டனுக்கு இறங்கி, டீ குடித்துவிட்டு, ஹோப் நிலையத்தில் ரயில் பிடித்தால் மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. ரயில்கார்டு இருந்தால் போகவர டிக்கெட் பத்துப் பவுண்டுக்குள் முடிந்துவிடும்.

ரயில்கார்டு என்றேன் அல்லவா, இப்போது காசுக்கு வருகிறேன். 16-25 ரயில்கார்டு வருடத்துக்கு 35 பவுண்ட். வங்கிக் கணக்கு திறந்ததும் முதலில் வாங்கவேண்டியது அது. பெயரைப் பார்த்துவிட்டு "எனக்கு 27 ஆகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். முழுநேர மாணவர் என்றால் எந்த வயதிலும் கிடைக்கும், பல்கலைக்கழகத்தில் ஒரு அத்தாட்சி வாங்கினால் போதும். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வாரநாளில் காலை நாலரையிலிருந்து பத்துவரை மட்டும் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்ட் என்று ஒரு விதி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் அதுவும் இல்லை. சனி, ஞாயிறு கிளம்புபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

டிக்கெட்டில் அட்வான்ஸ் (முன்னாலேயே வாங்குவது), ஆஃப்-பீக் (கூட்ட நேரம் தவிர மற்ற வண்டிகளுக்கு) என்று வகைகள் உண்டு. அட்வான்ஸ் மலிவு, ஆனால் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். தவறவிட்டால் காசு போச்சு. லண்டன் மாதிரித் தூரத்து ஊருக்கு அட்வான்ஸ், பக்கத்து ஊருக்கு அன்றே போய்வரும் ஆஃப்-பீக் ரிட்டர்ன், இதுதான் என் வழக்கம். பல தடங்களில் ஒருவழி டிக்கெட்டுக்கும் அன்றே திரும்பும் டிக்கெட்டுக்கும் சில பென்ஸ்தான் வித்தியாசம். தெரியாமல் இரண்டு ஒருவழி டிக்கெட் வாங்கி இரட்டிப்புச் செலவு செய்தவர்களில் நானும் ஒருவன். சில ஆப்களில் புக்கிங் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பார்கள். ரயில் கம்பெனிகளின் சொந்த ஆப்பில் வாங்கினால் அது இருக்காது, எந்தக் கம்பெனி வண்டிக்கும் டிக்கெட் கிடைக்கும். வண்டி தாமதமானால் காசைத் திருப்பிக் கேட்கலாம். சில கம்பெனிகளில் 15 நிமிடத்திலிருந்து, சிலவற்றில் அரைமணியிலிருந்து கணக்கு. இரண்டு நிமிட வேலைதான், வெட்கப்படாமல் கேளுங்கள்.

டிக்கெட் இல்லாமல் மட்டும் ஏறிவிடாதீர்கள். அபராதம் 100 பவுண்டும் ஒருவழிக் கட்டணமும்; 21 நாளுக்குள் கட்டினால் பாதி. ரயில்கார்டு சலுகையில் டிக்கெட் வாங்கிவிட்டுக் கார்டைக் காட்ட முடியாவிட்டாலும் சிக்கல்தான். கார்டு ஃபோனில் இருக்கும், ஃபோன் செத்துப்போயிருக்கும். பரிசோதகர் நல்லவராக இருந்ததால் ஒருமுறை தப்பித்தேன். அன்றிலிருந்து பவர் பேங்க் இல்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை.

பஸ் இன்னும் மலிவு. இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக் கட்டணத்துக்கு 2025 தொடக்கத்திலிருந்து 3 பவுண்ட் என்று உச்சவரம்பு இருக்கிறது. பக்கத்துத் தெருவுக்கும் 3, இரண்டு மணி நேரம் மலை தாண்டிப் போனாலும் 3. இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள், விட்பி பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

மாதம் இரண்டு பயணம், ஒன்று பக்கம் ஒன்று சற்றே தூரம், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் 40, 50 பவுண்டில் அடங்கும். புளியோதரை குளிரில் கெட்டுப்போகாது, ஆனால் கல்லாகிவிடும். சப்பாத்தியில் உருளைக்கிழங்குப் பொரியலை வைத்துச் சுருட்டிக்கொள்வது நல்லது. மறந்துவிட்டால் சூப்பர்மார்க்கெட்டில் மீல் டீல் என்று சாண்ட்விச், சிப்ஸ், குளிர்பானம் மூன்றையும் சேர்த்து நாலு பவுண்ட் சுமாரில் கொடுப்பார்கள். குடிதண்ணீர் காசு கொடுத்து வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர், பப்பில் கேட்டால் சும்மா தரவேண்டும் என்பது சட்டம்.

ஈடேலுக்கு அடுத்து அக்டோபரிலேயே போகவேண்டிய இன்னொரு ஊர் ஈயம். எழுதும்போது உலோகம் மாதிரி இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சொல்வது "ஈம்". ஷெஃபீல்டிலிருந்து நேர் பஸ் உண்டு. அழகான ஊர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், பார்க்கவேண்டியது அழகு இல்லை. 1665 செப்டம்பரில் லண்டனில் பிளேக் பரவியிருந்தபோது இங்கிருந்த ஒரு தையல்காரர் வீட்டுக்கு அங்கிருந்து துணிக்கட்டு வந்தது. ஈரமாக இருக்கிறதே என்று உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் அடுப்பருகே விரித்துக் காயப்போட்டார். துணியில் தெள்ளுப்பூச்சி. சில நாளில் அவர் போனார், பிறகு வீடு வீடாகப் போனது. மறு வருடம் ஜூனில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெஸனும், அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் ஊரைக் கூட்டி, யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நோய் பக்கத்து ஊர்களுக்குப் போகக்கூடாது என்பதற்காகத் தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டார்கள்.

ஊருக்கும் ஸ்டோனி மிடில்டன் கிராமத்துக்கும் நடுவே வயலில் ஒரு எல்லைக்கல் கிடக்கிறது. அதில் ஆறு குழிகள். குழியில் வினிகரை ஊற்றி அதற்குள் காசைப் போட்டுவிட்டு விலகிப்போவார்கள். வெளியூர்க்காரர்கள் ரொட்டியை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். மூன்றரை நூற்றாண்டாக யார் யாரோ விரலை விட்டு விட்டுக் குழி விளிம்பு வழவழப்பாகிவிட்டது. நானும் விட்டேன். மழைத்தண்ணீரும் இரண்டு செப்புக்காசும் இருந்தன, யாரோ அண்மையில் போட்டது. ஊரின் இன்னொரு பக்கம் ரைலி கல்லறைகள்: எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம். வட்டமான கல்மதில், உள்ளே சில கற்கள், சுற்றிலும் ஆடுகள். கோவிட் காலத்தில் தெருவில் தகரம் அடித்ததைப் பார்த்த நமக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை கூரைக்குள் போய்விடுங்கள். இங்கே தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம், ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே நிஜ யானை அளவில் செய்த பொம்மைக்கு நிஜ யானைக்கவசம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். 1600 வாக்கில் இந்தியாவில் செய்தது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இரும்புத் தகடுகளைக் கண்ணிகளால் கோத்த எட்டுத் துண்டுகள், அதில் இரண்டு தொலைந்து ஆறுதான் மிச்சம், அதுவே 118 கிலோ. இதை இங்கிலாந்துக்கு அனுப்பியது ராபர்ட் கிளைவின் மருமகள். மாமனார் வேறு, புருஷன் வேறு: 1798 முதல் 1803 வரை மதராஸ் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி அவர். சென்னைக் கோட்டை வழியாகப் போன ஒரு பொருளை லீட்ஸில், வெளியே மழை கொட்டும்போது பார்ப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

யார்க் நகரம் எல்லா மாதத்துக்கும் பொருந்தும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்த ஊரில் தெருவின் பெயரெல்லாம் "கேட்" என்று முடியும், வைக்கிங்குகள் விட்டுப்போன சொல், தெரு என்று பொருள். கோட்டைவாசலுக்குப் பெயர் "பார்". அதனால் மிக்கில்கேட் பார் என்றால் மதுக்கடை இல்லை, வெட்டிய தலைகளைக் குத்திவைத்த தெற்கு வாசல். மதில்மேல் ஏறி ஊரைச் சுற்றி நடக்கலாம், மூன்று கிலோமீட்டருக்கு மேல், இலவசம். ரயில்வே அருங்காட்சியகமும் இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களில் உலக சாதனை வைத்த மல்லார்டின் சொந்த வீடு அதுதான். மின்ஸ்டர் பேராலயத்துக்குள் சுற்றிப்பார்க்க மட்டும் நல்ல கட்டணம் வாங்குகிறார்கள்.

ஆனால் அங்கே சாயந்திர வழிபாடு, ஈவன்சாங், எந்த மதத்தவரும் போகலாம், காசில்லை. இதுதான் நான் இங்கிலாந்து முழுக்கச் சொல்லும் ரகசியம். பேராலயங்களைப் பகலில் சுற்றுலாப் பயணியாகப் பார்ப்பதைவிட மாலையில் பாட்டோடு பாருங்கள். முக்கால்மணி நேரம்தான். பாடகர் குழுவுக்குப் பக்கத்திலேயே மரப்பலகையில் உட்காரவைப்பார்கள். குழுவில் பெரும்பாதி பள்ளிப்பிள்ளைகள். ஜனவரி மாலை ஒன்றில் போனேன், கேட்க வந்தவர்கள் முப்பதுபேர் இருந்தால் அதிகம். பாடி முடித்த கடைசிச் சொல் அந்த உயரமான கூரையில் போய் அலைந்துவிட்டுத்தான் அடங்கியது. சாயரட்சைக்கு ஓதுவார் மட்டும் பாடிக்கொண்டிருக்கும் பெரிய கோயில்களுக்குள் போயிருந்தால் உங்களுக்கு அந்த நிலை புரியும். எழுந்து நிற்கும்போது நிற்கவும், உட்காரும்போது உட்காரவும், அதுபோதும். நடுவில் படம் எடுக்கக்கூடாது.

ஏப்ரல் வந்து பகல் நீண்டதும் விட்பி. காலை முதல் ரயிலில் யார்க், அங்கிருந்து மேட்டுநிலங்களைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும் பஸ், இரண்டு மணி நேரத்துக்கு மேல், மேல்தளத்து முன்சீட், 3 பவுண்ட். 199 படியேறினால் கூரையில்லாத மடம். கடலோடி கேப்டன் குக் கப்பல்தொழில் கற்ற ஊர், அவருடைய எண்டெவர் கப்பலும் இங்கே நிலக்கரிக் கப்பலாகக் கட்டப்பட்டதுதான். ஒரு எச்சரிக்கை: யார்க்ஷயரில் மீனும் சிப்ஸும் பொரிப்பது பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில். சைவம் என்று நினைத்து வெறும் சிப்ஸ் வாங்கினாலும் அதே கொப்பரைதான். வரிசையில் நிற்கும்போதே எண்ணெயா கொழுப்பா என்று கேட்டுவிடுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். வாங்கியபின் கடற்பறவையிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் பாடு. எனக்கு முழு மீன் ஒன்று போயிருக்கிறது, காகம் வடையைத் தூக்கின கதைதான்.

மே, ஜூனில் ஆக்ஸ்ஃபோர்ட். ஒருவழிக்கே மூன்று மணி நேரம் ஆகும், இருந்தாலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருமுறை போகவேண்டும். வால்டன் தெருவில் செயின்ட் செபல்கர்ஸ் என்று, இப்போது யாரையும் புதைக்காத பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்த ஜி.யு. போப் அங்கேதான் இருக்கிறார். 1908இல் இறந்தார். "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று கல்லில் பொறித்திருப்பதாகப் பள்ளியில் படித்திருப்போம், மேடைக்கு மேடை கேட்டிருப்போம். நேரில் போய்க் குனிந்து படித்தால் அந்த வாசகம் அங்கே இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும் இருக்கிறது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்ததாகவும் இருக்கிறது. எனக்கு முதலில் ஏமாற்றம். பிறகு யோசித்தால், இங்கிருந்து இத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருந்தவர்கள் அந்தக் காலத்தில் காசு சேர்த்து அனுப்பிய கல் என்பது அந்தக் கதையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

நடந்துபோகும் தூரத்தில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், இலவசம். அங்கே 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோவிலில் 1957இல் அதே சிலையை எடுத்த புகைப்படம் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கிடைத்ததும் விஷயம் வெளியே வந்தது. திருப்பித் தருவதற்குப் பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது. கேம்பிரிட்ஜ் போனால் இதேபோல டிரினிட்டி கல்லூரி. ராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்து, 1918இல் ஃபெல்லோ ஆன இடம், அவருடைய தொலைந்த நோட்டுப்புத்தகம் 1976இல் கண்டெடுக்கப்பட்டதும் அதன் ரென் நூலகத்தில்தான். நூலகத்தில் வெளியாட்களை விடும் நேரம் மிகக் குறைவு, முன்னாலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

போகாதே என்று சொல்வது ஒன்றுதான். "ஒரே நாளில் வின்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத்" என்று மாணவர்களுக்கென்றே சுற்றுலா பஸ் விடுவார்கள். முதல் வருடம் போனேன். விடியுமுன் ஏறி நள்ளிரவில் இறங்கினோம். பாத் நகரில் கிடைத்தது ஐம்பது நிமிடம், அதில் இருபது கழிப்பறை வரிசையில் போனது. பூமிக்குள்ளிருந்து 46 டிகிரியில் ஊறிவரும் வெந்நீரை ரோமர்கள் கட்டிய தொட்டியில் பார்ப்பதற்குப் பதில் அதன் வாசலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஸ்டோன்ஹெஞ்சிலும் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்கவேண்டும். கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால் அதே வில்ட்ஷயரில் ஏவ்பரி இருக்கிறது, ஊரே கல்வட்டத்துக்குள் இருக்கிறது, கட்டணமில்லை. ஆனால் இவையெல்லாம் ஷெஃபீல்டிலிருந்து ஒருநாளில் வராது, லண்டனில் நண்பர் வீட்டில் தங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். லேக் டிஸ்ட்ரிக்ட்டும் அப்படித்தான், ஒரு ராத்திரி தங்கினால்தான் சரிவரும். உங்கள் விசாவிலேயே ஸ்காட்லாந்தும் வேல்ஸும் போகலாம். டப்ளினுக்கு அயர்லாந்து விசா தனியாக வேண்டும், மலிவு விமான டிக்கெட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

தனியாகப் போகலாமா என்று கேட்டீர்கள். ஊர்களுக்குத் தாராளமாக, பெண்களும் தனியாகத்தான் சுற்றுகிறார்கள். கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியைத் திரும்பும் வண்டியாக வைத்துக்கொண்டால் போதும். மலைக்கு மட்டும் முதல் இரண்டு தடவை துணையோடு போங்கள். மாணவர் சங்கத்தின் நடைக்குழுக்கள் மலிவாகக் கூட்டிப்போவார்கள், வழியும் பழகிவிடும். மலையில் சிக்கிக்கொண்டால் 999 அழைத்துப் போலீஸ் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லவேண்டும். வருபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், காசு வாங்கமாட்டார்கள். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தலைமூடி வைத்த மழைக்கோட்டுதான் சரி. வரைபடத்தை முன்னாலேயே ஃபோனில் இறக்கிவையுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது.

வந்த முதல் சனிக்கிழமை பாத்திரம், போர்வை வாங்கவே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஈடேல் போங்கள். ஞாயிறு வண்டிகள் தாமதமாகத்தான் தொடங்கும், சிலநாள் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். முந்தின ராத்திரியே நேரம் பார்த்துவிட்டுப் படுங்கள்.